கடல் கடந்து விற்கப்படும் மிளகாய்த்தூள்

திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில்லில் ஒரு குடும்பம் செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், வெந்தயம், மிளகு, கறிவேப்பிலை ஆகியவற்றை வறுத்தரைத்து, இணையத்தின் வழியாகக் கட்டளைகளைப் பெற்று, பாரிசிலும் பேர்லினிலும் வாழும் தமிழருக்கு அரைக் கிலோப் பொதிகளாக அனுப்பி வருவதாகக் கொள்க. இதற்கு வேண்டிய முதல் சிறிது. வாங்குவோர் ஊர்ச் சுவையை மறவாதவர். விலையும் உள்ளூர்க் கடை விலையிலும் பன்மடங்கு. ஆயின் பணம் பெற்று அனுப்பும் அரைக் கிலோத் தூளும், கப்பலேறிச் செல்லும் பத்துத் தொன் சரக்கும் பாதுகாப்பு விடயத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சட்டத்திற்கு ஒன்றே. பாதுகாப்பற்ற உணவைச் சந்தையில் விடலாகாதென்றும், வெளிநாட்டிலிருந்து வரும் உணவும் அவ்விதிக்கு அமைய வேண்டுமென்றும் 2002 ஆம் ஆண்டின் 178 ஆம் இலக்கப் பொது உணவுச் சட்டம் விதித்துள்ளது. உறவினருக்கு அன்பளிப்பாக அனுப்புவதும் விலைக்கு விற்பதும் ஒன்றல்ல என்பதைப் பலர் பொதி திரும்பி வந்த பின்னரே அறிகின்றனர்.

மிளகாயில் அஞ்சத்தக்கது யாதெனில், கண்ணுக்குப் புலனாகாத ஒரு நஞ்சு. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றின் தீனியில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பங்கசு வளர்ந்து நஞ்சை உண்டாக்கியிருந்தமை தெரியவந்தது. அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் என்பது அப்பங்கசின் பெயர். அது விளைவிக்கும் நஞ்சு அஃப்லாடொக்சின் எனப்படும். ஈரலில் புற்றுநோயை உண்டாக்கவல்ல இந்நஞ்சு நிலக்கடலையில் மட்டுமன்றிச் சோளத்திலும், சரியாக உலராத மிளகாயிலும் தோன்றும். வறுத்தாலும் கறியில் கொதித்தாலும் இது முற்றாக அழிவதில்லை. ஆகவே, “வறுத்த தூள்தானே, கெடாது” என்னும் நம்பிக்கை இவ்விடத்தில் உதவாது.

மிளகாயிலும் மிளகாய்த்தூளிலும் பீ1 என்னும் வகை அஃப்லாடொக்சின் ஒரு கிலோவுக்கு 5 மைக்குரோகிராமையும், எல்லா வகைகளும் சேர்ந்து 10 மைக்குரோகிராமையும் விஞ்சலாகாது என்பது ஐரோப்பிய விதி. நூறு தொன் மிளகாயில் ஒரு கிராம் நஞ்சு என்பதே பின்னைய அளவு. இவ்வளவு நுண்ணிய அளவை நாவும் மூக்கும் அறியமாட்டா. அன்றியும் நஞ்சு சரக்கு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு சாக்கில் ஆயிரம் பழங்கள் நலமாயிருக்க, ஒரு பழத்தின் உட்புறத்தில் மட்டும் பங்கசு குடிகொண்டிருத்தல் கூடும். அரைத்தவுடன் அந்த ஒரு பழம் எல்லாவற்றோடும் கலந்துவிடுகிறது. சாக்கின் மேற்புறத்தில் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பது சோதனையாகாது. பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்த மாதிரியையே ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆதலால் பாதுகாப்பு தொடங்குவது பொதி கட்டுமிடத்திலன்று, காய வைக்கும் களத்திலேயே. நன்கு பழுத்த பழங்களைப் பறித்து, அழுகியவற்றையும் பூச்சி துளைத்தவற்றையும் வெடித்தவற்றையும் முதலிலேயே விலக்க வேண்டும். வெறுந்தரையில் பரப்புதல் தவறு. தூய படங்கின் மீதோ, சீமெந்துக் களத்திலோ, நிலத்திலிருந்து உயர்த்திய தட்டிகளிலோ மெல்லிய படையாகப் பரப்பிப் பகலில் பலமுறை கிளறிவிடுதல் அவசியம். மாலையில் வெப்பம் தணியுமுன் குவித்து மூடாவிடின் இரவுப் பனியில் பகலின் உலர்ச்சி வீணாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிழக்கு மாகாணத்தில் உலர்த்துவது எளிது. அக்காலத்தில் பறக்கும் புழுதிக்கு மட்டும் மறைப்பு வேண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்திலோ வெயிலை நம்புதல் ஆகாது, உலர்த்தி இருந்தால் பயன்படுத்த வேண்டும். ஈரப்பதன் நூற்றுக்குப் பத்தளவில் வரும்வரை உலர்த்துவது நன்று. நன்கு காய்ந்த மிளகாயைக் குலுக்கினால் உள்ளே விதைகள் கலகலவென ஒலிக்கும்.

காய்ந்த மிளகாய் நொறுங்காதிருக்கவும் நிறை கூடவும் வேண்டிச் சாக்கில் கட்டுமுன் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. களத்தில் பட்ட பாட்டையெல்லாம் ஒரு செம்புத் தண்ணீர் கெடுத்துவிடும். ஓர்ஸ் ஹில் போன்ற கடலோர இடங்களில் காற்றே ஈரமுள்ளது. ஆதலால் வீட்டிற் சேமிக்கும் செத்தலைச் சுவரோடு சாராமல், மரச்சட்டத்தின் மேல், காற்றுப் புகாத கலத்தில் வைத்தல் வேண்டும். வறுத்த சரக்கு முற்றாக ஆறுமுன் பொதி செய்தால் உள்ளே வியர்வை படியும்.

இலங்கையில் விற்கப்படும் செத்தலின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து இறக்குமதியாவது. சந்தையில் வாங்கி அரைப்பவருக்கு அது எந்தக் களத்தில் காய்ந்தது என்பது தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஆம் ஆண்டின் 1793 ஆம் இலக்க விதியின் கீழ், எந்த நாட்டின் எந்த உணவுப்பொருள் எல்லையில் கூடுதலாகச் சோதிக்கப்படும் என்று பட்டியலிட்டு, அதனைக் காலந்தோறும் திருத்தி வருகிறது. நஞ்சின் பொருட்டு இந்திய மிளகாயும் இலங்கை மிளகாயும் அதில் இடம்பெற்றவை. பூச்சிகொல்லி மிச்சத்தின் பொருட்டு இலங்கையின் வல்லாரையும் பொன்னாங்காணியும் இடம்பெற்றன. அனுப்புமுன் அப்பட்டியலின் அண்மைத் திருத்தத்தைப் பார்ப்பது விற்பவரின் கடமை.

சரக்கின் வரலாறு தெரியாவிடின் நேரும் கேட்டுக்கு இரு சான்றுகள் போதும். 2003 ஆம் ஆண்டில், இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருள்களில் சூடான் 1 என்னும் சாயம் கலந்திருப்பதைப் பிரான்சு கண்டது. சப்பாத்து மெருகுக்கும் மெழுகுக்கும் பயன்படும் இச்சாயம் உணவில் தடைசெய்யப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில், இச்சாயமுள்ள மிளகாய்த்தூள் சேர்ந்த ஒரு குழம்புச்சாற்றின் காரணமாக, அதனைச் சேர்த்துச் செய்த நூற்றுக்கணக்கான உணவுகள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. 2020 ஆம் ஆண்டிலோ, இந்திய எள்ளில் எதிலீன் ஒட்சைட்டு என்னும் புகையூட்டும் வாயுவின் மிச்சம் இருப்பதைப் பெல்ஜியம் அறிவித்தது. எள் தூவிய பாணும் விசுக்கோத்தும் பல நாடுகளில் மீளப் பெறப்பட்டன. நிறத்தைக் கூட்டவோ கிருமியை ஒழிக்கவோ யாரோ ஒருவர் செய்த செயலுக்கு, அதனை அறியாமல் வாங்கிக் கலந்தவரும் இழப்பைச் சுமந்தனர்.

எனவே ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் அதற்கொரு தொகுதி இலக்கம் இட்டு, மிளகாய் எவரிடம், எந்நாளில், எவ்வளவு வாங்கப்பட்டது, அரைத்த தூள் எவருக்குச் சென்றது என்பவற்றை ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். ஒரு படி பின்னும் ஒரு படி முன்னும் தெரிந்திருத்தல் என்பதே ஐரோப்பியச் சட்டம் கேட்பது. அரைக்கும் மில்லில் முன்னர் அரைபட்ட சரக்கின் மிச்சமும் கலக்கக்கூடும். ஆகவே கல்லைத் துடைத்த நேரத்தையும் குறித்து வைப்பது நன்று.

சுட்டுத்துண்டில் சேர்மானங்கள் எடையின் இறங்கு வரிசையில் வரவேண்டும். கடுகும் எள்ளும் ஒவ்வாமை தரும் 14 பொருள்களுள் அடங்குதலால், தூளில் அவை இருப்பின் மற்றச் சேர்மானங்களிலிருந்து தெளிவாக வேறுபடும் எழுத்தமைப்பில் காட்டப்படல் வேண்டும். விற்கப்படும் நாட்டு மக்கள் எளிதில் விளங்கும் மொழியில் இவை இருத்தல் வேண்டும், தமிழ் மட்டும் போதாது. ஒன்றியத்தினுள் இருக்கும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இன்றியமையாதவை. இணையத்தில் விற்கும்போது, காலாவதித் திகதி நீங்கலான கட்டாய விவரங்களை வாங்குபவர் பணம் செலுத்துமுன்னரே காணச் செய்ய வேண்டும். வீட்டில் தனித்துத் தொழில் செய்வோருக்கு இறக்குமதியாளரைத் தேடுவதே மிகக் கடினமான படி. அதனால், பலர் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரே இறக்குமதியாளருக்குச் சரக்கை அனுப்புவது தனித்தனியே தபாலில் இடுவதினும் செலவு குறைந்ததாகலாம்.

கருவாடும் மாசியும் சேர்ந்த பொருள்களை இம்முறையில் அனுப்ப எண்ணுதல் கூடாது. விற்பனைக்கான மீன்பொருள், ஒன்றியம் அங்கீகரித்த பதனிடும் நிலையத்திலிருந்து சுகாதாரச் சான்றிதழுடனேயே செல்லவேண்டும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அதனை வழங்குவது விவசாயத் திணைக்களத்தின் தேசிய தாவரத் தடைகாப்புச் சேவை. அதன் நிலையம் கட்டுநாயக்காவில் உள்ளது.

பனையோலைப் பெட்டி, சுளகு போன்ற உணவல்லாதவற்றுக்கு 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருட் பாதுகாப்பு விதி பொருந்தும். அதன்படி ஒன்றியத்தினுள் பொறுப்பேற்கும் ஒருவர் இருத்தல் வேண்டும். அவருடைய பெயரும் செய்தவரின் பெயரும் பொருளின் படமும் இணைய விளம்பரத்தில் காணப்படல் வேண்டும்.

இலண்டனுக்கு அனுப்புவோர் மேற்கூறிய விதிகளை அப்படியே கொள்ளலாகாது. பிரித்தானியா 2020 ஆம் ஆண்டில் ஒன்றியத்தை விட்டு நீங்கியதால் அங்கே தனிச் சட்டமும் தனி முகவரியும் வேண்டும். சுவிற்சர்லாந்தும் ஒன்றியத்தின் உறுப்பு நாடன்று. எந்நாட்டுக்குச் சென்றாலும், ஒவ்வொரு தொகுதியிலும் முத்திரையிட்ட இரு பொதிகளைக் காலாவதித் திகதி கழியும்வரை வீட்டில் வைத்திருத்தல் வேண்டும். வாங்கியவரிடமிருந்து முறைப்பாடு வரின், அத்தொகுதியின் விற்பனையை அன்றே நிறுத்தி, வைத்திருந்த பொதிகளுள் ஒன்றைத் திறவாமல், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்புக.