பெட்டிக்குள் என்ன பொம்மை? தராசைக் கேளுங்கள்!

தேங்காய் வாங்கப் போகிறோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோமா? காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறோம், கையில் வைத்துக் கனம் பார்க்கிறோம். எலுமிச்சம்பழமும் அப்படித்தான். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமான பழத்தில்தான் சாறு அதிகம் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உடைக்காமல், நறுக்காமல் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்கிற இந்தக் கைக்கணக்கு, பொம்மை வாங்கவும் உதவும் என்றால் நம்புவீர்களா?

நான் சிங்கப்பூருக்குக் குடிவந்து பதினோரு வருஷமாகிறது. இங்கே குழந்தைகளையும், குழந்தைகளைவிடப் பெரியவர்களையும் ஆட்டி வைப்பது ‘பிளைண்ட் பாக்ஸ்’ பொம்மைகள். உள்ளங்கை அளவு அட்டைப் பெட்டி. வெளியே பன்னிரண்டு பொம்மைகளின் படம் போட்டிருக்கும். உள்ளே அதில் ஏதோ ஒன்று. எது என்று பிரித்தால்தான் தெரியும். பிரித்த பிறகு மாற்றித் தரமாட்டார்கள்.

நம் ஊர்ப் பெட்டிக்கடையில் சுவரில் ஒரு பரிசு அட்டை தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் நம்பர் வரும். அந்த நம்பருக்கு பலூனோ பிளாஸ்டிக் மோதிரமோ. மேல் வரிசையில் பளபளக்கும் பெரிய பொம்மை மட்டும் கடைசிவரை யாருக்கும் விழாது. அதே கதைதான். அன்று பத்துப் பைசாவோடு போயிற்று. இன்று ஒரு பெட்டிக்குப் பத்து, பதினைந்து வெள்ளி ஆகிறது. (இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம்.)

என் பெண்ணுக்கு ஒன்பது வயது. தீபாவளிக்குப் பெரியவர்கள் உறையில் போட்டுக் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்து, ஐந்து பெட்டி வாங்கினாள். அவள் ஆசைப்பட்டது குடை பிடித்த பூனை. வந்தது என்ன தெரியுமா? தூங்குமூஞ்சிக் கரடி ஒன்று, முயல் ஒன்று, பிறகு அச்சு அசலாக ஒரே மாதிரி மூன்று தவளைகள்! மூன்றாவது தவளையைப் பார்த்ததும் உதடு பிதுங்கிவிட்டது. “இன்னும் ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்மா, அடுத்தது கண்டிப்பா பூனைதான்” என்று ஆரம்பித்தாள். அந்த “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்ற வார்த்தைதான் என் வயிற்றைக் கலக்கியது. சீட்டாட்டத்தில் சொத்தைத் தொலைத்த பெரியவர் ஒருவர் எங்கள் குடும்பத்திலும் இருந்தார். அவர் வாயிலும் இதே வார்த்தைதான் வரும் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

திட்டாமல், உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பன்னிரண்டு பொம்மைக்கும் சம வாய்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்து பெட்டி வாங்கினால் அதில் ஏதாவது இரண்டு ஒன்றுபோல வந்துவிட நூற்றுக்கு 62 வாய்ப்பு. பன்னிரண்டையும் சேர்க்க வேண்டுமென்றால் பன்னிரண்டு பெட்டி போதாது. சராசரியாக 37 பெட்டி வாங்க வேண்டியிருக்கும். கடைசி ஒன்றுக்காக மட்டுமே சராசரி பன்னிரண்டு பெட்டி போய்விடும். “அப்போ அந்தக் கம்பெனிக்காரங்க கெட்டிக்காரங்க!” என்றாள் என் பெண். அழுகை நின்றது.

இவர் சும்மா இருப்பாரா? “கோல்டு காயின் நிறுக்க வாங்கின குட்டித் தராசு பீரோவில் தூங்குதே, அதை எடு” என்றார். எங்கள் வீட்டு ஆராய்ச்சி அப்படித்தான் தொடங்கியது.

எடை பார்த்துப் பொம்மை பொறுக்குவது இவர் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. 1974-இல் இத்தாலியில் வந்த கிண்டர் சாக்லேட் முட்டைக்குள் பொம்மை ஒளிந்திருக்கும். ஜெர்மனியில் சேகரிப்புப் பைத்தியம் உச்சத்தில் இருந்தபோது, மாட்டிச் சேர்க்கும் சாதாரண விளையாட்டுச் சாமான் உள்ள முட்டைக்கும், முழு உருவப் பொம்மை உள்ள முட்டைக்கும் எடையில் வித்தியாசம் இருப்பதைக் கண்டுபிடித்து, கடையிலேயே நிறுத்துப் பார்த்தும் ஆட்டிக் கேட்டும் வாங்கினார்கள். சீனாவில் பெட்டியைக் காதருகே ஆட்டி, சத்தத்தை வைத்தே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் தேங்காய் வித்தைதான்!

லெகோ கம்பெனியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2010-இல் அவர்கள் குட்டி மனிதப் பொம்மைகளைப் பளபளப்பான பையில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு தொகுதிகளில் பையின் பின்னால் இருந்த பார்கோடே பொம்மைக்குப் பொம்மை வேறாக இருந்தது. ஜனங்கள் அதைப் படித்துவிட்டார்கள். பிறகு அதை மாற்றினார்கள். ஜனங்கள் பையை விரலால் தடவி, ‘இது தொப்பி, இது வாள்’ என்று கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். 2023 செப்டம்பரில், பிளாஸ்டிக்கைக் குறைப்பதற்காகப் பை போய் அட்டைப் பெட்டி வந்தது. தடவிப் பார்க்க வழி இல்லை. உடனே தராசைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்! பெட்டியில் அச்சிட்ட சிறு குறியீட்டைக் கைபேசியால் படித்தும் பார்த்தார்கள். பூட்டு ஒன்று வந்தால் சாவி இரண்டு வந்துவிடுகிறது, பாருங்கள்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. அது பெரும்பாலும் ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் நகரும். லெகோ மனிதன் தலைமுதல் கால்வரை சுமார் 3 கிராம்தான். ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் உள்ள வித்தியாசம் கையிலிருக்கும் கரண்டியும் தலையிலிருக்கும் குல்லாவும்தான். அதற்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். பெரிய பொம்மைக்கு 0.1 கிராம் காட்டினால் போதும். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ரசீதில் எடை போட்டிருக்கும் தங்கக் காசை வைத்துப் பாருங்கள். இதைவிட நல்ல படிக்கல் வீட்டில் கிடைக்காது. சமதளமான மேஜை வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நான் இதைச் சொன்னபோது இவர் சிரித்தார். நிறுத்தியதும் முள்ளாய் ஆடிக்கொண்டிருந்த எண் அடங்கியது, சிரிப்பும் அடங்கியது!

என் பெண் அழுத அந்த மூன்று தவளைகள்தான் இங்கே கை கொடுத்தன. பொம்மை, உறை, படச்சீட்டு, பெட்டி எல்லாவற்றையும் பழையபடி போட்டு நிறுத்தோம். ஒரே தவளைதான், ஆனால் எடை 91.3, 91.7, 91.4 கிராம். அதாவது ஒரே பொம்மைக்குள்ளேயே 0.4 கிராம் ஏறி இறங்குகிறது. வார்க்கும்போது பிளாஸ்டிக் கொஞ்சம் கூடும், குறையும். பசை, சாயம், அட்டை எல்லாமே அப்படித்தான். ஒரே கரண்டியில் ஊற்றினாலும் இரண்டு தோசை ஒரே எடையில் வருகிறதா என்ன?

கரடி 97-ஐத் தாண்டியது. முயல் 91.9. ஆக, கரடியையும் தவளையையும் தராசு பிரித்துச் சொல்லிவிடும். தவளையையும் முயலையும் சொல்லவே சொல்லாது. இந்த ஏற்ற இறக்கத்தை முதலில் தெரிந்துகொள்ளாமல் ‘0.2 கிராம் கூட இருக்கிறது, இது வேறு பொம்மை’ என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். தராசு ‘இது எது’ என்று சொல்வதைவிட, ‘இது எது இல்லை’ என்று சொல்வதில்தான் கெட்டி.

இன்னொன்று. யாரோ எங்கோ எடுத்த எடைப் பட்டியலை நம்பி நான் கடைக்குப் போகமாட்டேன். மழைக்காலத்தில் அப்பளம் நமுத்துப் போவதில்லையா? அட்டையும் காற்றின் ஈரத்தை அப்படித்தான் குடிக்கும். சில கிராம் அட்டை, வறண்ட ஊரிலிருந்து எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு வந்தால் 0.1, 0.2 கிராம் கூடிவிடும். லெகோ மாதிரி சின்ன பொம்மைக்கு அந்த வித்தியாசமே கணக்கைத் தலைகீழாக்கப் போதும். அதனால் ஒரே அலமாரியில், ஒரே நாளில் இருக்கும் பெட்டிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவதுதான் சரி. முதல் பெட்டியை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, மற்றவற்றை வைத்து எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

ஒரே அச்சில் வார்த்து நிறம் மட்டும் மாற்றிய பொம்மைகள் என்றால் தராசு ஊமை. பஞ்சு அடைத்த பொம்மைகளிலும் அப்படித்தான். பஞ்சு ஒரு சிட்டிகை கூடினால் கணக்கு போச்சு. தயாரிப்பவர் வேண்டுமென்றே கனம் மாறுகிற அட்டைத்துண்டு ஒன்றை உள்ளே சேர்த்துவிட்டாலும் அவ்வளவுதான்.

கடையில் என்ன செய்தோம் என்கிறீர்களா? கடைக்கார அம்மாள் சீனப் பெண்மணி. முதலில் அனுமதி கேட்டேன். “நாலு பெட்டிவரை பார்த்துக்கொள், பெட்டி நசுங்கக் கூடாது, எல்லாவற்றையும் கலைக்கக் கூடாது” என்று சொன்னார். நியாயமான பேச்சு. நாம் நல்லதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனால், பின்னால் வருகிற குழந்தைக்கு மிஞ்சுவது தவளைதானே? அரியதை நிறுத்து எடுத்து, பல மடங்கு விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கெட்டிக்காரத்தனத்தில் சேராது. நாங்கள் நாலில் தவளை எடையில் இருந்த இரண்டை ஒதுக்கினோம். மிஞ்சிய இரண்டில் ஒன்றை எடுத்தோம். பிரித்தால் குடை பிடித்த பூனை இல்லை, தபால்காரக் குரங்கு! ஆனாலும் நாலாவது தவளை இல்லையே. அவளுக்கு அதுவே கொண்டாட்டம்.

‘ரகசியப் பொம்மை’ என்று ஒன்று வைத்திருப்பார்கள். 144-இல் ஒன்று என்று போட்டிருக்கும். 144 பெட்டி வாங்கினால் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனித்தனி அதிர்ஷ்டம் என்றால், 144 வாங்கிய பிறகும் நூற்றுக்கு 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். பாப் மார்ட் கம்பெனியின் லபூபு பொம்மைக்காக லண்டனில் அடிதடி நடந்து, 2025 மே மாதம் பிரிட்டன் கடைகளில் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். சீன அரசு 2023 ஜூனில் விதிமுறை கொண்டுவந்து, எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்தப் பெட்டிகளை விற்கக் கூடாது, எந்தப் பொம்மை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. எங்கள் வீட்டில் அந்த எட்டு வயதையே சட்டமாக்கிவிட்டேன். சின்னவனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு எச்சரிக்கை. குட்டித் தராசுகள் சிலவற்றில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்; விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பொம்மையின் குட்டிக் குடை, தொப்பி எல்லாம் மூன்று வயதுக்குள் இருப்பவர்கள் வாயில் போகக்கூடியவை. மலிவாக வரும் போலி லபூபுகள் துண்டுதுண்டாகக் கழன்று தொண்டையில் அடைக்கும் அபாயம் இருப்பதாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது.

முழுத் தொகுதியும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், தராசைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. பல கம்பெனிகள் பன்னிரண்டு பெட்டி கொண்ட சீல் வைத்த பெரிய பெட்டியில் பன்னிரண்டும் வெவ்வேறாக வைக்கிறார்கள். நாலு அம்மாமார் சேர்ந்து சீட்டுக் கட்டுவது மாதிரி பங்கு போட்டு அதை வாங்கி, ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக் கொள்ளலாம். எங்கள் அடுக்குமாடியில் போன விடுமுறையில் இப்படித்தான் செய்தோம். கீழ்த்தளத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பெட்டிகளைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். மூன்றாவது மாடி லெட்சுமி அக்கா பையனுக்குக் குடை பிடித்த பூனை வந்தது. அவனுக்கு வேண்டியதோ தவளை.

என் பெண் மூன்று தவளைகளையும் வரிசையாக வைத்து, “எது வேணுமோ எடுத்துக்கோ. நடுவில இருக்கிறது 0.3 கிராம் கூட!” என்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.