சாவி யார் வீட்டுச் சொல்?

எங்கள் திலக் நகர்க் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பல ஆண்டுகள் குடியிருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, "சாவியை எடு, ஒப்படைத்துவிட்டு வரலாம்" என்றேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி உடனே, "தாத்தா, சாவி மராத்திச் சொல்லாச்சே! தமிழ் வகுப்பில் திறவுகோல் என்றுதானே சொன்னார்கள்?" என்றாள்.

அவள் சொன்னதில் பாதி சரி. இந்தச் சாவி தமிழும் அன்று, மராத்தியும் அன்று. திறவுகோலுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் உள்ள பெயரே தமிழில் சாவி, மராத்தியிலும் குஜராத்தியிலும் சாவி, இந்தியில் சாபி என்றாயிற்று. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கிய பின், ஜன்னல், மேசை, அலமாரி ஆகியவற்றோடு நம் பேச்சில் குடியேறிய சொல் இது. பம்பாய்த் தீவுகளும் 1534-இல் போர்த்துக்கீசியர் கைக்கு வந்து, 1661-இல் திருமணச் சீதனமாக ஆங்கிலேயருக்கு எழுதித் தரப்பட்டவைதாமே!

அதற்கு முன் நம்மவர் வீட்டைப் பூட்டாமலா இருந்தார்கள்? திறவுகோல் இருந்தது. தாழ்க்கோல் என்றும் சொன்னார்கள். அதுவே மலையாளத்தில் தாக்கோல். இலங்கைத் தமிழர் இன்றும் 'திறப்பு' என்கிறார்கள்.

வந்த சாவி பூட்டோடு நிற்கவில்லை. கடிகாரத்துக்கும் சாவி கொடுத்தோம். நான் வேலை பார்த்த ரயில்வேயில், தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்புக்கும் அதே பெயர். தினமும் பாதை நெடுக நடந்து, தளர்ந்ததைச் சுத்தியலால் தட்டி இறுக்கும் தொழிலாளியை வடக்கே 'சாபிவாலா' என்பார்கள். எழுத்தாளர் சா. விசுவநாதனோ தம் பெயரைச் சுருக்கியே 'சாவி' ஆனார்!

ஆனால் தமிழுக்கே சொந்தமான சாவி ஒன்று உண்டு. மணி பிடிக்காமல் பதராய்ப் போன பயிருக்குச் சாவி என்று பெயர். 'சா' என்ற வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஆண்டு மழை பொய்த்தபோது, "எல்லாம் சாவியாப் போச்சு" என்று என் தந்தை வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆண்டுதான் அண்ணன் தாராவிக்கு ரயிலேறினார். பின்னால் நானும் வந்தேன்.

பேத்தி வயலைப் பார்த்ததில்லை. இந்தச் சாவியை நான் சொல்லாவிட்டால் அவளுக்கு யார் சொல்வார்கள்? படியிறங்கும்போதே சொல்லி முடித்தேன். "அப்படியானால் நாம் இங்கே வந்ததே ஒரு சாவியால்தானா, தாத்தா?" என்று கேட்டாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படிச் சில சொற்கள் இருக்கும். பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக் கேளுங்களேன்!