முகவரிக்கு யார் சாட்சி?

எங்கள் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு முகவரி என்பது ஒரு பழைய மனக்குறை. இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, யட்டியாந்தோட்டை என்று எங்கே போனாலும் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும்தான் பெரும்பாலும் வரும், வீட்டிலக்கம் வராது. கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போகும். அங்கிருந்து லயத்துக்கு வந்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு திகதி கடந்த பிறகு கைக்குக் கிடைத்த கதைகளை என் வகுப்பறையிலேயே கேட்டிருக்கிறேன். மின்னஞ்சல் வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

உயர்தர மாணவருக்கு உதவும் ஒரு சிறு சங்கத்தில் நான் கடிதப் பொறுப்பாளன். முன்பு இலவசக் கணக்கு ஒன்றைப் பாவித்தோம். அதன் கடவுச்சொல்லை வைத்திருந்தவர் வெளிநாடு போனார். ஐந்து வருடக் கடிதங்களும் அவரோடு போயின. இனி நமக்கென்று ஒரு டொமைன், நமக்கென்று ஓர் அஞ்சல் சேவையகம் என்று முடிவெடுத்தோம். இது ஒன்றும் துணிச்சலான புதுமையல்ல. இந்த நாட்டின் மின்னஞ்சலே அப்படித்தான் தொடங்கியது. 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியில் உருவான 'லேர்ன்மெயில்', தொலைபேசி இணைப்பில் கடிதங்களைக் கட்டுக்கட்டாக மாற்றிக்கொண்ட ஓர் ஏற்பாடு. அவர்கள் தங்கள் தபாற் கந்தோரைத் தாங்களே நடத்தினார்கள்.

மாத வாடகைக்கு ஒரு சேவையகம் எடுத்தோம். அதில் இரண்டு மென்பொருள்கள். கடிதத்தை அனுப்புவதும் ஏற்பதும் போஸ்ட்ஃபிக்ஸ். வந்த கடிதத்தைப் பெட்டியில் வைத்து, நம் கைப்பேசிக்கு எடுத்துக் கொடுப்பது டவ்கொட். இரண்டும் இலவசம். என்னுடைய பழைய மாணவர் ஒருவர் கணினித் துறையில் இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தமிழ் சிறப்புப் பட்டதாரிக்கு இது ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

முதல் சோதனை, புலமைப்பரிசில் நேர்முகத்துக்கான அழைப்புகள். குறித்த நாளில் இருவர் மட்டுமே வந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கடிதமே தெரியாது. நான் சேவையகத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் 'அனுப்பப்பட்டது' என்றிருந்தது, பக்கத்தில் 250 என்ற எண்ணும். "நாங்க அனுப்பித்தான் இருக்கோம்" என்று சங்கத்தில் வாதாடினேன்.

அந்த 250இன் பொருள் எனக்கு அப்போது விளங்கியிருக்கவில்லை. இரண்டு அஞ்சல் சேவையகங்கள் சந்தித்தால் ஒரு சின்னப் பேச்சு நடக்கிறது. நான் இன்னார் என்று ஒன்று பெயர் சொல்லும். யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்லும். பிறகு கடிதத்தை ஒப்படைக்கும். மறுபக்கம் ஒவ்வொரு படிக்கும் எண்ணால் பதில் சொல்லும். 250 என்றால் சரி. 4இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. 5இல் தொடங்கினால் முடியாது, திரும்ப வராதே. ஆக, கடைசியில் வரும் 250 'கடிதத்தை நான் பொறுப்பேற்றேன்' என்பது மட்டும்தான். உரியவரின் கண்ணில் படும் பெட்டியில் போட்டேன் என்பதல்ல. தோட்டக் கந்தோரில் கையொப்பம் வைத்து வாங்கிக்கொண்ட பதிவுத் தபால் மாதிரி. எங்கள் கடிதங்கள் வாங்கப்பட்டன. வாங்கி, குப்பை அஞ்சல் பெட்டிக்குள் தள்ளப்பட்டன.

ஒரு பிள்ளையின் கைப்பேசியில் அந்தக் கடிதத்தைத் தேடியெடுத்து, அதன் அசல் தலைப்பகுதியைப் பார்த்தோம். மாணவர் தொலைபேசியில் சொன்னார்: "சேர், ஒங்கட மெஷின் ஒரு பேரச் சொல்ற. ஆனா அந்த ஐபியத் தேடினா வேற பேர் வார. யாரு நம்புவாங்க?"

விசயம் இதுதான். நம் டொமைனுக்கு இன்ன ஐபி எண் என்று நாமே பதிந்துகொள்ளலாம். ஆனால் அந்த எண்ணுக்கு உரிய பெயர் என்ன என்ற மறுதலைப் பதிவை, அதாவது பி.டி.ஆர். பதிவை, அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர்தான் வைக்க முடியும். நமக்கு வாடகைக்குக் கொடுத்தவர். நாம் எத்தனை தரம் பெயர் சொன்னாலும், 'ஆமாம், இவர் எங்கள் இடத்தில்தான் இருக்கிறார்' என்று நிலத்துக்காரர் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கசப்பும்தான். தோட்டக் கந்தோரை விட்டு வெளியேறி வந்து, இன்னொரு கந்தோரின் வாசலில் நிற்கிறோம். நல்லவேளை, வாடகைப் பக்கத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினால் போதுமாக இருந்தது.

அடுத்த பிழை முழுக்க என்னுடையது. எஸ்.பி.எஃப் என்பது டொமைன் பதிவுகளில் வைக்கும் ஒரு வரி: 'எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள சேவையகங்கள் இவை.' பழைய சேவைக்காக எழுதிய வரியை அழிக்காமல் புதியதையும் சேர்த்திருந்தேன். இரண்டு இருந்தால் கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணினேன். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. இரண்டு சேவையகங்கள் இருந்தாலும் அவற்றை ஒரே வரிக்குள் எழுத வேண்டும். சொந்தச் சேவையகம் வைப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

டி.கே.ஐ.எம் என்பது முத்திரை. சேவையகம் ஒரு ரகசியத் திறப்பால் கடிதத்துக்கு ஒப்பமிடுகிறது. அந்த ஒப்பத்தைச் சரிபார்க்கும் பொதுத் திறப்பை டொமைனில் எல்லாரும் பார்க்க வைக்கிறோம். யாராவது கடிதத்தை மாற்றமின்றி இன்னொருவருக்குத் தானாகத் திருப்பிவிட்டாலும் முத்திரை பிழைக்கும், எஸ்.பி.எஃப் பெரும்பாலும் பிழைக்காது, ஏனென்றால் இப்போது அனுப்புவது வேறு சேவையகம். இந்த இரண்டும் பொய்த்தால் என்ன செய்வது என்று மறுபக்கத்துக்குச் சொல்லும் வரி டிமார்க். 2024 பெப்ரவரி முதல் கூகுள், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோரிடம் மூன்றையும் கேட்கிறது. எங்களைப் போன்ற சிறியவர்களிடமும் எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம் இரண்டில் ஒன்றையும் சரியான பி.டி.ஆர். பதிவையும் கேட்கிறது. கள்ளக் கடிதம் அவ்வளவு மலிந்துவிட்டது. கேட்பதைக் குறை சொல்ல முடியாது.

சேவையகத்தை வீட்டிலேயே வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரத்தினபுரி மழையும் இடியும் ஒருபுறமிருக்க, வீட்டு இணைப்புகளின் ஐபி எண் மாறிக்கொண்டே இருக்கும்; 25ஆம் வாயிலைப் பல நிறுவனங்கள் அடைத்துவைக்கும். மின்வெட்டுக்கு மட்டும் அவ்வளவு பயப்பட வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததே, அப்படியொரு நாளில் சேவையகம் அணைந்து கிடந்தாலும் வரவேண்டிய கடிதம் பெரும்பாலும் தொலையாது. அனுப்பியவரின் சேவையகம் அதை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் வழமையாக ஐந்து நாட்கள் முயன்ற பிறகுதான் கைவிடும். எங்கள் தபாற்காரர்கள் சிலரைவிடப் பொறுமைசாலி.

தமிழ் வாசகர் கட்டாயம் கேட்கும் ஒன்று மீதமிருக்கிறது: முகவரியையே தமிழில் வைக்கலாமா? '.இலங்கை' என்ற தமிழ் டொமைன் 2010இலேயே வந்துவிட்டது. @ குறிக்கு முன்னுள்ள பகுதியையும் தமிழில் எழுத வழிசெய்யும் நியமம் 2012இல் வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015 முதல் அதை ஏற்கிறது. ஆனால் நாம் ஏற்றால் போதாது, பெறுபவரின் சேவையகமும் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் கடிதம் திரும்பிவிடும். அதனால் முகவரியை ரோமன் எழுத்திலேயே வைத்தோம், மனமில்லாமல்தான். விடயத் தலைப்பும் உடலும் தமிழில் தாராளமாகப் போகலாம், யுனிகோட்டில் தட்டினால். பாமினியில் தட்டிய அறிவித்தலை அப்படியே ஒட்டி அனுப்பினால் பிள்ளையின் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கும். எங்கள் முதல் அழைப்பில் அந்தத் தவறும் இருந்தது.

மூன்று பதிவுகளையும் திருத்தி, வராதவர்களுக்கு வேறொரு நாள் குறித்து மறுபடி அழைப்பு அனுப்பினோம். இந்த முறை பதிவேட்டை நம்பி இருக்கவில்லை. பதில் எழுதும்படி கேட்டிருந்தேன். முதல் பதில் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒன்றிடமிருந்து அன்றிரவே வந்தது: "சேர், கடிதம் கிடைத்தது. வியாழக்கிழமை அம்மாவோடு வருகிறேன்."