போத்தலின் விலையும் கைவேலையின் விலையும்

"ஒரு போத்தல் கியூடெக்ஸை ஐந்நூறு ரூபாவுக்கு வாங்கலாம். அதை விரலில் பூசிவிட இரண்டாயிரம் ரூபாவா?" பெண்களின் அழகு நிலையங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எமது ஆண்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பேன்சிச் சாமான் வியாபாரம் செய்பவன் என்பதால் எனது கடையிலும் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்களில் அநேகர் வியாபாரிகள்.

இந்தக் கேள்வியை வெறும் பேச்சாக விட்டுவிட முடியாது. எமது ஊர்களில் எத்தனையோ சகோதரிகள் வீட்டின் முன்னறையிலோ சிறியதொரு கடை அறையிலோ நகப் பராமரிப்பு, மருதோன்றி, மணப்பெண் அலங்காரம் என்று தொழில் செய்கின்றனர். பெரும்பாலும் முதல் போடுபவர் தகப்பன் அல்லது கணவர். கட்டணத்தைத் தீர்மானிப்பவரும் அவரே. புடவைக் கடையிலும் பலசரக்குக் கடையிலும் பழகிய கணக்கையே அவர் இங்கும் போடுகிறார். அதாவது கொள்விலை, அதன் மேல் ஒரு இலாபம். இந்தக் கணக்கு சேவைத் தொழிலுக்குப் பொருந்தாது. பொருந்தாத கணக்கால் நல்ல கைப்பழக்கமுள்ள பிள்ளைகள் ஓரிரு வருடத்தில் கடையை மூடிவிடுகின்றனர்.

விற்கப்படுவது என்ன?

நகப் பராமரிப்பு என்பது பூச்சு பூசுவது மட்டுமல்ல. பழைய பூச்சை அகற்ற வேண்டும். கையை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, நகத்தை வெட்டி, அராவி, நகக்கண்ணில் ஒட்டிய தோலைப் பக்குவமாக ஒதுக்க வேண்டும். பிறகு அடிப்பூச்சு, இரண்டு தடவை நிறப்பூச்சு, மேற்பூச்சு, காயும் நேரம். ஒழுங்காகச் செய்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் செல்லும். அடுத்தவருக்கு முன் கருவிகளைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யவும் வேண்டும். போத்தலில் இருந்து செலவாவது சில துளிகள்தான். எனவே இங்கே விற்கப்படுவது கியூடெக்ஸ் அல்ல, ஒரு மணி நேரம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கதிரைகள் உள்ள சிறிய நிலையம். மாத வாடகை 60,000 ரூபா. இரு பெண்களுக்குத் தலா 50,000 ரூபா சம்பளம். அதற்குரிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்ந்து 15,000 ரூபா. மின்சாரம், நீர், துவாய் சலவை 20,000 ரூபா. கருவித் தேய்மானம், ஏனையவை 13,000 ரூபா. மொத்தம் 208,000 ரூபா.

மாதம் 26 நாட்கள், நாளொன்றுக்கு 8 மணி நேரம், இரண்டு கதிரைகள் என்றால் 416 மணி நேரம். இதில் பாதி நேரம்தான் ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 208 மணி நேரம். ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை சரியாக 1,000 ரூபா! பூச்சும் பஞ்சும் இதில் சேரவில்லை. முதல் போட்டவரின் இலாபமும் சேரவில்லை. பக்கத்துக் கடை 800 ரூபா எடுக்கிறது என்பதற்காக நீங்கள் 750 ரூபா எடுத்தால், வாடிக்கையாளர் கூடக் கூடக் களைப்புத்தான் மிஞ்சும்.

அதே கதிரைகள் முக்கால் பங்கு நேரம் நிரம்பினால் அடக்கவிலை 667 ரூபாவுக்கு இறங்கிவிடும். இன்று விற்காத சாரியை நாளை விற்கலாம். இன்று காலியாகக் கிடந்த கதிரையின் நேரத்தை நாளை விற்க முடியாது. ஆகவே திங்கள், செவ்வாய் காலை நேரத்துக்குக் குறைந்த கட்டணமும், பெருநாளுக்கு முந்திய நாட்களுக்கு முழுக் கட்டணமும் வைப்பதில் நியாயம் உண்டு. எல்லா நாளும் மலிவு என்பதில் நியாயம் இல்லை.

2022ஆம் ஆண்டு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா அளவுக்குச் சென்றபோது கடைக்காரர்கள் ஒரே இரவில் சாமான் விலையை மாற்றினார்கள். வீட்டில் மருதோன்றி போடும் பெண்ணோ, "தெரிந்தவர்கள், எப்படிக் கூட்டிக் கேட்பது?" என்று தயங்கினாள். சாமானுக்கு விலை உண்டு, கைக்கு விலை இல்லை என்ற நினைப்பை நாம்தான் அவளுக்குப் பழக்கியிருக்கிறோம்.

மலிவின் பாரத்தைச் சுமப்பவர் யார்?

இத்தொழிலில் விலைப் போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா நல்ல உதாரணம். 1975இல் வியட்நாம் யுத்தம் முடிந்தபோது அகதிகளாக வந்த பெண்கள் கலிபோர்னியாவில் ஒரு முகாமில் தங்கியிருந்தனர். அங்கு உதவி செய்யச் சென்ற டிப்பி ஹெட்ரன் என்ற ஹொலிவூட் நடிகையின் நக அலங்காரத்தை அப்பெண்கள் வியந்து பார்த்தனர். அவர் தனது நக அலங்காரக்காரியையே வரவழைத்து இருபது பெண்களுக்குத் தொழில் பழக்கினார். அந்த இருபது பேரிலிருந்து வளர்ந்த தொழிலில், இன்று அமெரிக்காவின் நக அலங்காரத் தொழிலாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வியட்நாமிய வம்சாவளியினர். செல்வந்தப் பெண்களின் ஆடம்பரமாக இருந்த சேவை சாதாரணப் பெண்களுக்கும் எட்டியது. விலையைக் குறைத்துச் சந்தையைப் பெருக்கியது ஒரு சாதனைதான்.

ஆனால் விலை ஓர் எல்லைக்குக் கீழே போனபோது நடந்தது வேறு. 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அந்நகரின் நக அலங்கார நிலையங்கள் பற்றிய நீண்ட விசாரணைக் கட்டுரைகளை வெளியிட்டது. அந்நகரில் அப்போது சராசரிக் கட்டணம் சுமார் பத்தரை டொலர். நாடு முழுவதற்குமான சராசரி அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அந்த மலிவுக்குப் பின்னால், சட்டப்படியான கூலி கிடைக்காத பெண்களும், வேலையில் சேர முதலாளிக்கே நூறு டொலர் கட்டிய பெண்ணும், இரசாயன வாடையில் சுவாசம் கெட்டவர்களும் இருந்தனர். மாநில ஆளுநர் உடனடியாக அவசர நடவடிக்கை எடுக்க நேர்ந்தது.

வாடிக்கையாளர் கொடுக்காத பணத்தை யாரோ ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும். பெரும்பாலும் அது வேலை செய்யும் பெண்ணாக இருக்கும். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம். கூலி கொடுக்க முடியாத அளவுக்கு விலையைக் குறைத்து வைத்துவிட்டு "வியாபாரம் சரியில்லை" என்று சொல்வது நியாயமாகுமா?

வாடிக்கையாளர் காணும் பெறுமதி

சரி, அடக்கவிலைப்படி கட்டணம் வைத்தால் ஆட்கள் வருவார்களா? பெறுமதி கண்ணுக்குத் தெரிந்தால் வருவார்கள்.

போலந்து நாட்டின் இங்லட் நிறுவனம், நகத்தின் ஆரோக்கியத்தைக் கருதிக் காற்றும் ஈரமும் ஊடுருவக்கூடிய 'ஓ2எம்' என்ற நகப்பூச்சைத் தயாரித்தது. 2013 அளவில் அது முஸ்லிம் பெண்கள் மத்தியில் திடீரெனப் பிரபலமானது. காரணம் வுழூ. நீர் நகத்தை அடையும் என்று அவர்கள் கருதினர். மார்க்க அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வியாபாரிக்கு இதில் உள்ள பாடம் வேறு. தயாரித்தவர் கண்டது ஒரு பெறுமதி, வாங்கியவர் கண்டது இன்னொரு பெறுமதி. விலையைத் தாங்குவது வாங்குபவர் காணும் பெறுமதிதான்.

எமது பெண்கள் காணும் பெறுமதி என்ன? வெளியாட்கள் பார்க்க முடியாத மறைவான இடம். பெண்கள் மட்டுமே வேலை செய்யும் நிலையம். சுத்தமான துவாய். கண் முன்னே கிருமிநீக்கம் செய்து எடுக்கும் கருவி. சொன்ன நேரத்துக்கு வேலை ஆரம்பிப்பது. இவை எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. செலவு செய்துவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பவர்கள்தான் "அங்கே இருநூறு ரூபா குறைவு" என்ற பேச்சுக்கு முன் வாயடைத்துப் போகின்றனர்.

மருதோன்றியிலும் இதுதான் நிலைமை. அசல் மருதோன்றி கறுப்பு நிறம் தராது. சில மணி நேரம் கையில் இருக்க வேண்டும். கழுவியதும் செம்மஞ்சளாகத் தெரிந்து, ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும். அரை மணியில் கன்னங்கறுப்பாகும் மலிவுக் கோன்களில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பீபீடி என்ற இரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலைக் கொப்புளமாக்கும். தழும்பும் தீராத ஒவ்வாமையும் தரக்கூடியது. நல்ல மருதோன்றியைத் தானே குழைத்துப் போடும் சகோதரி இதை மணமகளின் தாயிடம் எடுத்துச் சொல்லட்டும். அவள் கேட்கும் கூடுதல் ஆயிரம் ரூபா, பிள்ளையின் கைக்கான பாதுகாப்பு என்று அந்தத் தாய்க்கு விளங்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. காட்டும் பெறுமதி உண்மையாக இருக்க வேண்டும். பெயர்பெற்ற போத்தலில் மலிவுப் பூச்சை நிரப்புவதும், ஒரு மணி நேரத்துக்குக் காசு வாங்கிவிட்டு இருபது நிமிடத்தில் அனுப்புவதும் நிறுவையில் குறைப்பதற்குச் சமன். தராசு மட்டுமல்ல, கடிகாரமும் ஓர் அளவைதான்.

இத்தொழிலில் முதல் போட்டிருப்போர் இந்த வாரமே செய்யக்கூடியவை சில உண்டு. மாதச் செலவு முழுவதையும் எழுதி, உண்மையில் வேலை நடந்த மணி நேரத்தால் பிரித்துப் பாருங்கள். வீட்டில் நடத்தினாலும் உழைப்பவருக்கு ஒரு சம்பளத்தைக் கணக்கில் சேருங்கள். கட்டண அட்டவணையைச் சுவரில் மாட்டுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். மணப்பெண் வேலைக்கு முற்பணம் வாங்குங்கள். உறவினருக்குச் சலுகை கொடுப்பதென்றால் முழுத் தொகையை எழுதி, கழித்த தொகையையும் எழுதிக் கொடுங்கள். அன்பளிப்பு எவ்வளவு, வேலையின் விலை எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும்.

கைத்தொழில் செய்யும் எமது பெண்களுக்கு அனுதாபம் தேவையில்லை. சரியான கணக்கும் தயங்காமல் விலை சொல்லும் துணிவும் போதும். வல்ல அல்லாஹ் எமது தொழில்களில் பரக்கத் செய்வானாக.