எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம்

1949 மே மாதம். ராஜாஜி அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல். திருவண்ணாமலைக்கு வந்திருந்த அவரைப் பெரியார் ரயில் நிலையத்துக்கே தேடிப்போய்த் தனியாகச் சந்தித்தார். மணியம்மையாரை மணப்பது பற்றி யோசனை கேட்கத்தான் போனார் என்பது பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்ததற்காக 1938-இல் பெரியாரைச் சிறைக்கு அனுப்பியது இதே ராஜாஜியின் மந்திரிசபைதான். தன் திராவிடர் கழகத்தில் அத்தனை தளபதிகள் இருந்தும், வாழ்க்கையின் மிக அந்தரங்கமான ஒரு முடிவைப் பற்றிப் பேச அவர் தேடிப்போனது எதிர்முகாமின் தலைவரை. கழகத்தை உடைக்க ராஜாஜிதான் யோசனை சொன்னார் என்று பழி எழுந்தது. அப்போதும் அந்தச் சந்திப்பில் பேசியதை ராஜாஜி வெளியே சொல்லவில்லை.

அதற்காக அடுத்த சண்டையில் யாரும் யாருக்கும் சலுகை காட்டவில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு ஊர் ஊராக எதிர்த்தார் பெரியார். மறு ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து அழுதார்.

பெரிய மனிதர்களின் பெருந்தன்மை என்று சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தலைமுறையில் இது ஒருவர் இருவரின் குணமாக மட்டும் இருக்கவில்லை. 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியாரின் வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடம் மறுத்த தலைவர் திரு.வி.க. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியது அந்த மாநாட்டிலிருந்துதான். ஆனாலும் திரு.வி.க. மறைந்த 1953 வரை இருவரின் நட்பும் அறுந்துபோகவில்லை. ஒருவர் நெற்றி நிறைய நீறு பூசும் சைவர், மற்றவர் கடவுள் இல்லை என்று மேடைதோறும் முழங்கியவர்.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது 1943-இல் நடந்த இரண்டு சொற்போர்கள். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று திராவிட இயக்கத்தார் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இலக்கிய அன்பர்களுக்கு இதைவிடப் புண்படுத்தும் பேச்சு இருந்திருக்க முடியாது. ஆனால் தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளை சென்னை சட்டக் கல்லூரியில் அந்த இயக்கத்தின் அண்ணாவோடு ஒரே மேடையில் ஏறினார். அடுத்த மாதம் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் ஏறினார். கொளுத்தலாமா கூடாதா என்று கூட்டத் தலைவர் ஒருவர் முன்னிலையில் வாதாடினார்கள். யாரும் யாருடைய கொள்கைக்கும் மாறவில்லை. எதிராளி என்ன சொல்கிறான் என்பதை அவன் வாயாலேயே கடைசிவரை கேட்டார்கள். அப்படிக் கேட்பது தங்கள் கடமை என்று இரு தரப்பும் நினைத்தன.

அந்தக் காலத்துப் பொதுக்கூட்டமும் இந்தக் கடமையின் மேல்தான் நின்றது. தேரடியில் இந்த வாரம் தி.மு.க. கூட்டம் என்றால், அடுத்த வாரம் அதே இடத்தில் காங்கிரசின் பதில் கூட்டம். பதில் சொல்ல வேண்டுமானால் முதல் கூட்டத்தை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். அதனால் மாற்றுக் கட்சிக்காரர்கள் கூட்டத்தின் ஓரத்திலும் டீக்கடை பெஞ்சிலும் இருந்து இரண்டு மணி நேரப் பேச்சையும் உள்வாங்கினார்கள். மேடையில் வசவும் இருந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். இன்று அச்சில் ஏற்ற முடியாத பேச்செல்லாம் அன்று ஒலிபெருக்கியில் வந்தது. மாற்றுக் கட்சியின் கூட்டத்தில் கல் விழுந்த ஊர்களும் உண்டு. மேடைகளிலும் விருந்துகளிலும் கைகுலுக்கியவர்களில் பெண்கள் மிகக் குறைவு, சேரியிலிருந்து வந்தவர்கள் அதைவிடக் குறைவு. பழைய நாட்களை நான் பொற்காலமாக்கவில்லை. திட்டியவனும் திட்டப்பட்டவனும் மறுவாரம் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பந்தலில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

1967 தேர்தலில் பெரியார் காங்கிரசுக்காக ஊரெல்லாம் பிரசாரம் செய்தார். தன் கழகத்திலிருந்து பிரிந்துபோன தி.மு.க.வை 18 ஆண்டுகள் கடுமையாகத் தாக்கியவர் அவர். ஜெயித்த தி.மு.க.வின் தலைவர் அண்ணா, பதவியேற்கும் முன் சகாக்களோடு திருச்சிக்குப் போய் அவரைத்தான் பார்த்தார். அதே தேர்தலில் விருதுநகரில் தோற்ற காமராசர் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி மறைந்தபோது, அரசு மரியாதையோடு கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு அருகில் இறுதிச்சடங்கு நடக்க முன்னின்றவர் முதல்வர் கருணாநிதி. காமராசரின் கட்சியை ஆட்சியிலிருந்து இறக்கிய கட்சியின் தலைவர் அவர்.

பிறகு இந்த வழக்கம் எங்கோ அறுந்தது. 1972-இல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். ஒரே குடும்பம் இரண்டானபோது வரும் பகை, வேற்றுக் கட்சிப் பகையைவிட ஆழமாகப் பாயும். 1987-இல் எம்.ஜி.ஆர். இறந்த செய்தி கேட்டு விரைந்து போய் அஞ்சலி செலுத்தினார் கருணாநிதி. அதே நாட்களில் அண்ணா சாலையிலிருந்த கருணாநிதியின் சிலையை ஒரு கும்பல் உடைத்தது. தலைவர்களிடம் மிச்சமிருந்த பழைய வழக்கம் தொண்டர்களிடம் இல்லாமல் போனதை அந்தச் சிலை காட்டியது. 1989 மார்ச் 25-ஆம் தேதி சட்டமன்றத்துக்குள்ளேயே கைகலப்பு. எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா கலைந்த கோலத்தில் வெளியே வந்தார், முதல்வராகத்தான் திரும்பி வருவேன் என்றார். அதன்பின் 1996-இல் அவருடைய கைது, 2001-இல் கருணாநிதியின் நள்ளிரவுக் கைது.

இந்தப் பெரிய நிகழ்ச்சிகளைவிடச் சின்ன விஷயங்கள்தான் என்னை வருத்துகின்றன. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனது மேலிடத்துக்குத் தெரிந்தால் பதவி போகும் என்ற பயம் மாவட்டங்கள்தோறும் பரவியது. சொந்த அத்தை மகன் கல்யாணமாக இருந்தாலும், போட்டோ எடுப்பதற்கு முன் மொய் எழுதிவிட்டுக் கிளம்பினார்கள். பந்தலில் உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம் போனது. அதோடு, நேற்று மேடையில் சொன்னதற்கு எதிராளியின் முகம் எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கும் வாய்ப்பும் போனது.

இப்போது அந்த இடத்தில் செல்போன் இருக்கிறது. இரண்டு மணி நேரப் பேச்சிலிருந்து முப்பது வினாடியை வெட்டி அனுப்புகிறார்கள், முழுப் பேச்சைக் கேட்காமலேயே பதில் எழுதிவிடலாம். சலூனிலும் டீக்கடையிலும் தொங்கிய 'இங்கு அரசியல் பேசாதீர்' பலகை, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவின் விதியாக மாறிவிட்டது. பேசாமல் இருந்தால் சண்டை வராது என்பது உண்மை. ஆனால் அண்ணன் ஏன் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்று தம்பிக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது. என் பார்வையில் இது வசவைவிடப் பெரிய இழப்பு.

பழைய வழக்கம் மெல்லத் திரும்பி வருவதும் உண்டு. 2016-இல் ஜெயலலிதாவின் பதவியேற்புக்குப் போன தி.மு.க.வின் ஸ்டாலினுக்குப் பின்வரிசையில் இடம் கொடுத்தார்கள். சர்ச்சையானதும், அவமதிக்கும் எண்ணம் இல்லை என்று ஜெயலலிதாவே அறிக்கை விட்டார். 2021-இல் ஸ்டாலின் பதவியேற்றபோது அ.தி.மு.க.வின் ஓ. பன்னீர்செல்வம் வந்திருந்தார். அந்த மே மாதமே அமைத்த கொரோனா ஆலோசனைக் குழுவில் எல்லாக் கட்சிகளின் 13 சட்டமன்ற உறுப்பினர்கள் இருந்தார்கள். முந்தைய அ.தி.மு.க. ஆட்சியின் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரும் அதில் ஒருவர். ஜெயலலிதா, பழனிசாமி படங்களோடு அச்சாகிக் கிடந்த சுமார் 65 லட்சம் புத்தகப் பைகளை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னது புதிய அரசு.

ஆனால் மேலே கைகுலுக்கினால் மட்டும் போதாது என்பதை 1987-இல் பார்த்துவிட்டோம். கீழே எங்கே இது பிழைத்திருக்கிறது என்று தேடினால், நான் கிராம சபையைத்தான் காட்டுவேன். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் கிடையாது. யார் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும், என்றாலும் வாக்குச்சீட்டில் பூட்டு சாவி போன்ற சின்னங்கள்தான். முன்பு ஆண்டுக்கு நான்கு முறை நடந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறு முறை ஆனது. அங்கே தீர்மானப் புத்தகத்தில் ஏறுவது மேல்நிலைத் தொட்டியும் சுடுகாட்டுப் பாதையும் நூறு நாள் வேலைச் சம்பளமும். குழாய் முதலில் எந்தத் தெருவுக்கு வரவேண்டும் என்று இரண்டு கட்சிக்காரர்கள் நேருக்கு நேர் நின்று கத்துகிறார்கள். கீழத்தெருப் பெண்கள் எழுந்து தங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராத கணக்கைச் சொல்கிறார்கள். அரைமணி நேரம் போனபின் ஒருவர் மற்றவரின் தெரு நிலவரத்தை ஒப்புக்கொள்கிறார், தீர்மானத்தில் இரண்டு தெருவின் பெயரும் எழுதப்படுகிறது. எல்லா ஊரிலும் இப்படி நடப்பதில்லை. பல ஊர்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைத்துவிடுகிறார்கள். உண்மையாக நடக்கும் ஊர்களுக்குப் பக்கத்து ஊர் இளைஞர்கள் போய் ஒரு முழுக் கூட்டத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும். தங்கள் ஊரில் அடுத்த சபை கூடும்போது, முடியும்வரை எழுந்து போகாமல் இருந்து கேட்க வேண்டும்.