உச்சரிக்காத ஊரைச் சொல்லும் குரல்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். கைபேசியில் வழி கேட்டால் ஒரு பெண் குரல் அந்தப் பெயரைச் சொல்லும். குரலுக்குச் சொந்தக்காரர் அந்த ஊரைக் கேள்விப்பட்டே இருக்க வேண்டியதில்லை.

இயந்திரத்தை ஊர்ப் பெயர் சொல்லவைப்பதில், ரயில் நிலைய அறிவிப்புகளின் பழைய முறை எளிது. ஊர்ப் பெயர்கள், எண்கள் என்று தனித்தனியாகப் பதிந்து கோத்துவிடுவார்கள். பட்டியலில் இல்லாத ஊரை அதனால் சொல்ல முடியாது.

பின்னால் வந்தவர்கள் சொல்லை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்தார்கள். மொழியின் ஒலிச் சேர்க்கைகள் எல்லாம் வரும்படி தேர்ந்தெடுத்த வாக்கியங்களை ஒருவரை வாசிக்கவைத்து, அந்தப் பதிவைத் துண்டு போட்டார்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். ஓர் ஒலி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நாக்கும் உதடும் நகர்ந்துகொண்டிருக்கும். அங்கே வெட்டினால் ஒட்டு காதில் இடறும். ஆகவே ஒலி நிலையாக நிற்கிற நடுவில் வெட்டி, அடுத்த ஒலியின் நடு வரை எடுத்தார்கள். 'கீ' கீரையிலிருந்தும் 'தூ' தூரத்திலிருந்தும் வந்து ஓர் ஊர்ப் பெயர் கூடிவிடும்!

தமிழில் கூடுதல் தலைவலி உண்டு. 'பம்பரம்' என்பதில் இரண்டு 'ப'வும் ஒரே எழுத்து, ஆனால் ஒலி வேறு. நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இயந்திரத்துக்கு விதி எழுத வேண்டும். சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி தலைமையில் பல நிறுவனங்கள் கூடி இந்திய மொழிகளுக்கு இந்த வேலையைச் செய்தன.

2016இல் வந்த 'வேவ்நெட்' என்ற மென்பொருள் வெட்டி ஒட்டுவதையே விட்டது. பதிவுகளைக் கேட்டுப் பழகி, நொடிக்கு 16,000 புள்ளிகளாக ஒலி அலையைத் தானே வரைந்தது.

வெட்டி ஒட்டுவதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவரான அமெரிக்காவின் சூசன் பென்னட் 2005 ஜூலையில் ஒரு மாதம், நாளுக்கு நான்கு மணி நேரம், பொருளற்ற வாக்கியங்களையும் வாசித்துக் கொடுத்தார். 2011இல் ஐபோனில் 'சிரி' என்ற பேசும் உதவியாளர் வந்தபோது, அது தன் குரல் என்று நண்பர் ஒருவர் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. வாசித்ததற்குக் கூலி கிடைத்தது; எதற்கென்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

எதற்கென்று சொல்லாமல் குரலை வாங்குவது சரியில்லை. 'லால் சலாம்' படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் எழுப்பிய ஏ.ஆர். ரஹ்மான், இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று ஊதியமும் அனுப்பியதாக 2024 ஜனவரியில் அறிவித்தார். உயிரோடு இருப்பவரிடம் கேட்பது அதைவிடச் சுலபம்.