இலையில் குடியிருக்கும் வாசனை

வள்ளியாறு சமுத்திரத்தோடு சங்கமிக்கும் கடியப்பட்டணத்தில், கரையேறிய மீனின் வாடையும் அலைத்துளியின் உப்பும் நாள் முழுவதும் காற்றில் கலந்து நிற்கும் எங்கள் முற்றத்தில், கொடைக்கானலிலிருந்து காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு சாண் குச்சி வேர்பிடித்து, இன்று இடுப்பளவு செடியாகத் தழைத்து நிற்பதைக் காண்கிறவர்கள், மலைச் செடிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காமல் போவதில்லை. அதன் பெயர் ஜெரேனியம். பூவின் அழகுக்காக வளர்க்கும் இனமல்ல, இலையின் சுகந்தத்துக்காக வளர்ப்பது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, “மக்களே, இது ரோசாப்பூவுக்க மணமாக்கும், பூவ எங்க ஒளிச்சு வச்சிருக்க?” என்றார்.

ஒளித்து வைத்திருப்பது இலைதான். அதன் மேல் பட்டுப்போல் படர்ந்திருக்கும் ரோமங்கள் சிலவற்றின் நுனியில் கண்ணுக்குப் புலப்படாத தைலப் பைகள் உண்டு. விரல் பட்டதும் அவை உடைந்து மணம் எழுகிறது. ரோஜாவின் வாசனைக்கு ஆதாரமான சிட்ரோனெல்லால், ஜெரானியால் என்னும் திரவியங்களே இதிலும் பிரதானமாக இருப்பதால், பாட்டியின் மூக்கு பிழை செய்யவில்லை. மருவையும் மருக்கொழுந்தையும் மலருக்குச் சமமாக மாலையில் வைத்துத் தொடுக்கும் தோவாளைப் பூச்சந்தைக்கு அருகில் வாழ்கிற நமக்கு, இலை மணப்பது புதுமையல்ல.

இதன் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. விதைக்காய் கொக்கின் அலகுபோல் நீண்டிருப்பதால் ஜெரேனியம் என்று கிரேக்கச் சொல்லால் பெயரிடப்பட்ட கூட்டத்திலிருந்து, 1789இல் பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி லெரித்தியே இதைப் பிரித்து, நாரையின் பெயரால் பெலார்கோனியம் என்று வேறாக்கினார். ஆனாலும் ஜனங்களின் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. கரும்புத் தோட்டங்களுக்கென நம் தமிழ்மக்கள் கப்பலேற்றப்பட்ட ரீயூனியன் தீவின் மேட்டுநிலங்களில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது தைலத்துக்காகப் பயிராயிற்று; அத்தீவின் பழம்பெயரால் அந்தத் தைலம் இன்றும் பூர்போன் என்றே வழங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் ஏற்காட்டில் இதை நட்டார்கள். பின்னர் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பரவிற்று. ஏறத்தாழ ஆயிரம் கிலோ தழையை நீராவியில் வடித்தால் ஒரு கிலோ அளவே தைலம் கிடைக்குமென்பதை அறிந்தபின், ஓர் இலையைக் கிள்ளும்போதும் எனக்குக் கை தயங்குகிறது.

மலையில் வளர்வதால் வெயிலே இதற்குச் சத்துரு என்று எண்ணிவிடுகிறோம். நானும் அவ்வாறே எண்ணி, முதலில் கொண்டுவந்த செடியை இறவாரத்து நிழலில் வைத்து, காலையும் மாலையும் தவறாமல் நீர் வார்த்து, ஐப்பசி மழையில் ஓட்டுத் தண்ணீரும் அதன் தொட்டியில் விழுவதைக் கவனியாதிருந்து, அடித்தண்டு கறுத்துக் குழைந்து இரண்டே நாளில் சாய்ந்ததைக் கண்டு துக்கப்பட்டேன். அன்பினாலேயே அதைக் கொன்றேன். இதற்கு உண்மையான விரோதி தேங்கிய நீர். சித்திரை வெயிலைக்கூடப் பிற்பகல் நிழல் இருந்தால் தாங்கிக்கொள்ளும். ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற எங்கள் சீமையில், வேர் நனைந்தபடியே கிடப்பதைத் தாங்காது.

ஆகவே மண்தொட்டியே உத்தமம். அடித்துளையின்மேல் ஓட்டாஞ்சில்லுகளைப் பரப்பி, செம்மண்ணும் மக்கிய சாணமும் ஆற்றுமணலும் சம பாகமாகக் கலந்து நிரப்ப வேண்டும். கையெட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளிப் போடலாகாது. அதன் உப்பு வேரைக் கருக்கிவிடும். விரலை மண்ணில் இரண்டு கணு அளவு விட்டுப் பார்த்து, அங்கும் ஈரமில்லையென்றால் மட்டுமே நீர் வார்க்கலாம். உப்புக்காற்று பலமாக வீசிய நாட்களுக்குப் பிறகு, காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது நலம். உரத்தை அள்ளிப் போட்டால் இலை பெருக்கும், மணம் குன்றும். கொழுந்து நுனியை அடிக்கடி கிள்ளிவிடுவதுதான் இதற்கு ஏற்ற சிட்சை. கிள்ளிய இடத்தில் இரண்டாகக் கிளைத்துச் செடி அடர்கிறது. கொசுவை விரட்டும் என்று சொல்லி விற்கிறார்கள்; கசக்காத இலையின் தைலம் பைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கையில் கொசு எப்படி ஓடும்? அந்த நம்பிக்கையில் யாரும் வாங்க வேண்டாம்.

மழை ஓய்ந்த தை மாதமே குச்சி நடுவதற்கு வாய்ப்பான காலம். முற்றாததும் மிக இளசாகாததுமான தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, அடியிலைகளை அகற்றி, வெட்டுவாய் உலரும்படி அரை நாள் நிழலில் கிடத்திய பின்னரே மணலில் ஊன்ற வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். அதுவரை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் பிரயாசை.

சென்ற தையில் பாட்டிக்கும் ஒரு குச்சி கொடுத்தேன். கிணற்றடியிலிருந்து எட்டவே வைத்து வளர்த்தார். இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் பிச்சி தொடுக்கும்போது, பத்துப் பூவுக்கு ஓர் இலையாக இடையில் வைத்துக் கட்டி, மாதா கெபிக்குக் கொண்டுபோகிறார்.